கண் பழகட்டும், பிறகு கை நீளட்டும்: பழைய வீட்டுச் சாமான்களைச் சேகரிக்கத் தொடங்குவோருக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு முதல்முறை போகிறவருக்குக் கண் ஓரிடத்தில் நிற்காது. வாசலில் பித்தளை அண்டாக்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். உள்ளே பர்மாத் தேக்குப் பெட்டிகள், எனாமல் தூக்குகள், பீங்கான் ஜாடிகள், ஜமிக்கி வைத்துத் தைத்த ரவிவர்மா படங்கள், ஓடாத சுவர்க் கடிகாரங்கள், வெற்றிலைச் செல்லங்கள், படிக்கங்கள். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் தொழில் செய்த நகரத்தார் குடும்பங்கள் கொண்டுவந்தவையும், பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தவையும் இவற்றில் பெரும்பங்கு. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது அந்தத் தொழிலுக்குப் பெரிய அடி விழுந்தது. 1960களில் பர்மிய அரசு தொழில்களை நாட்டுடைமையாக்கியபோது எஞ்சியதும் போனது. பிறகு பெரிய வீடுகளைப் பராமரிக்க முடியாமல் போய், பங்கு பிரித்து, சாமான்கள் ஒவ்வொன்றாகத் தெருவுக்கு வந்தன.

இப்படிப்பட்ட இடத்தில் புதிதாகச் சேகரிக்க வருகிறவர் அழகாக இருப்பதை வாங்குவார். அதில் தவறில்லை. ஆனால் அழகை மட்டும் பார்த்து வாங்கினால் வீடு நிறையும், சேகரிப்பு உருவாகாது. ஒரு சாமானைக் கையில் எடுத்ததும் ஐந்து கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். என்ன உலோகம் அல்லது மரம்? எப்படிச் செய்தது? எதற்குப் பயன்பட்டது? எந்தக் காலம்? யார் வீட்டில் இருந்தது? இந்த ஐந்தையும் கண்ணாலும் கையாலும் படிக்கவும், தெரிந்தவரிடம் கேட்டறியவும் பழகுவதுதான் இந்த அத்தியாயத்தின் பாடம்.

எதைச் சேர்ப்பது?

எல்லாவற்றையும் சேர்க்க நினைத்தால் எதிலும் ஆழம் வராது. ஒரே ஒரு வகையில் தொடங்குங்கள். பாக்குவெட்டி மட்டும், அல்லது விளக்கு மட்டும், அல்லது பூட்டு மட்டும். ஒரே வகைப் பொருள் பத்து, பதினைந்து பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போதுதான் ஊருக்கு ஊர் உள்ள வேறுபாடும், நல்ல வேலைக்கும் அவசர வேலைக்கும் உள்ள வேறுபாடும் தெரியவரும்.

வீட்டுப் பொருள்களைச் சேகரிப்பதை ஒரு வாழ்நாள் பணியாகச் செய்தவர் புனேயின் தினகர் கேல்கர். 1920களில் தொடங்கி, பாக்குவெட்டி, விளக்கு, பூட்டு, சமையல் கருவி, கதவுச் சட்டம் என்று சாதாரண மக்கள் கைபட்ட பொருள்களை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தார். சிறு வயதில் இறந்த மகன் ராஜாவின் பெயரைத் தாங்கிய அந்த அருங்காட்சியகம் இன்றும் புனேயில் இருக்கிறது. அகமதாபாத்தில் விஷாலா வளாகத்தில் உள்ள வேச்சார் அருங்காட்சியகம் முழுக்கப் பாத்திரங்களுக்கானது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவில் பழைய வீடுகளையே பெயர்த்து வந்து நிறுவியிருக்கிறார்கள். பொருள்கள் வீட்டின் எந்த மூலையில், எந்த உயரத்தில் இருந்தன என்பதை அங்கே பார்க்கலாம். கடைக்குப் போகும்முன் இப்படிப்பட்ட இடங்களில் ஒரு நாள் செலவிடுங்கள். விலை என்ற பேச்சே இல்லாத இடத்தில்தான் கண் நன்றாகப் பழகும்.

புதிதாகத் தொடங்குவோருக்கு நான் பரிந்துரைப்பது முகத்தல் அளவைகள். 2 ஆழாக்கு 1 உழக்கு. 2 உழக்கு 1 உரி. 2 உரி 1 நாழி. 8 நாழி 1 குறுணி. குறுணியைத்தான் மரக்கால் என்றும் சொல்வோம். இவற்றில் ஒவ்வொன்றும் பித்தளையில், இரும்புத் தகட்டில், மரத்தில், மூங்கிலில் கிடைக்கும். ஊருக்கு ஊர் படி வேறு. ஒரே ஊரில் சின்னப்படி, பெரியபடி என்று இரண்டு இருந்ததும் உண்டு. குவித்து அளந்தார்களா, தலைதட்டி அளந்தார்களா என்பதைப் பொறுத்தும் கணக்கு மாறும். 1956இல் எடை, அளவைச் சட்டம் வந்து, 1958 முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தபின் இவை கடைகளிலிருந்து பரணுக்கு ஏறின. அதனால் இன்றும் ஓரளவு எளிதாகக் கிடைக்கின்றன. அதிக இடமும் கேட்பதில்லை. ஆழாக்கிலிருந்து மரக்கால் வரை ஒரு முழு வரிசை சேர்ந்தால் அது ஒரு வட்டாரத்தின் வணிக வரலாறு. ஒரு படியை வாங்கியதும் தண்ணீர் ஊற்றி அளந்து அதன் கொள்ளளவை மில்லிலிட்டரில் குறித்து வையுங்கள். நாலைந்து ஊர்ப் படிகளை அப்படி அளந்து பார்த்தால், அந்த ஊர்களின் வேறுபாடு எண்களாக உங்கள் முன் நிற்கும்.

வயதை எப்படிக் கண்டறிவது?

"நூறு வருஷப் பழசு" என்பது எல்லாக் கடையிலும் கேட்கும் சொல். அதைச் சோதிக்கப் பொருளிலேயே பல தடயங்கள் இருக்கும்.

முதலில் எழுத்து. நம் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கம் இருப்பதால் இந்த வசதி நமக்கு நிறையவே உண்டு. தமிழ் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது 1978இல். அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு எழுத்தின் முன்னால் சுருண்டு நிற்கும் கொம்பு உண்டு. ணா, றா, னா ஆகியவற்றுக்குத் தனிக் கால் இல்லாமல் எழுத்தோடு சேர்ந்த சுழி உண்டு. 1930இல் வெட்டியது என்று காட்டப்படும் பெயர் இன்றைய எழுத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: பாட்டி காலத்துப் பாத்திரத்தில் பேத்தியின் பெயரைப் பின்னாளில் வெட்டியிருக்கலாம். அப்போது பெயர் புதிது, பாத்திரம் பழையது. அதேபோல், 1978க்குப் பிறகும் பழைய கைப்பழக்கத்தில் வெட்டிய ஆசாரிகள் இருந்தார்கள். எழுத்து ஒரு சாட்சி மட்டுமே. அதை மற்ற சாட்சிகளோடு ஒத்துப் பாருங்கள்.

பெயரை எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்பதும் பேசும். சுத்தியலும் உளியும் கொண்டு வெட்டிய எழுத்தில் ஒவ்வொரு கோடும் சிறு சிறு வெட்டுகளாக, ஆழம் கூடிக் குறைந்து இருக்கும். மின்சாரப் பேனாவால் எழுதியது ஒரே ஆழத்தில், நெருங்கிய புள்ளிகளாக ஓடும்.

அடுத்தது ஆண்டு. சில பாத்திரங்களில் தமிழ் ஆண்டுப் பெயர் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். 'விரோதி வருஷம்' என்றிருந்தால் அது 1889, 1949, 2009 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கிய ஆண்டு. உலோகமும் வேலைப்பாடும் தேய்மானமும் எந்தச் சுற்று என்பதைச் சொல்லிவிடும். எண்கள் தமிழ் இலக்கங்களில் இருந்தால் தனிக் கவனத்தோடு படமெடுத்து வையுங்கள்.

தகர டப்பா, எனாமல் பலகை, பெட்டி, புட்டி போன்றவற்றில் அச்சிட்ட முகவரியும் விலையும் பெரிய உதவி. விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. 'நயா பைசா' என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972க்குப் பிந்தையது, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. 'மெட்ராஸ்' மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு' என்ற பெயர் 1969இல் வந்தது.

வெளிநாட்டுச் சாமானின் அடியில் நாட்டுப் பெயர் இருக்கும். நாடுகள் பெயர் மாறியிருப்பது சேகரிப்பவருக்கு நல்வாய்ப்பு. 'செக்கோஸ்லோவாக்கியா' என்றால் 1918க்குப் பிறகு, 1992 முடிவதற்குள். 'மேற்கு ஜெர்மனி' என்றால் 1949க்கும் 1990க்கும் இடையில். 'ஆக்கிரமிப்பு ஜப்பான்' என்றால் போர் முடிந்ததிலிருந்து 1952 வரையான சில ஆண்டுகள். 'சிலோன்' என்றால் பெரும்பாலும் 1972க்கு முன். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் எனாமல் சாமான்களில் சுவீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் முத்திரைகளை அடிக்கடி காணலாம். முத்திரை அடியில் தேய்ந்திருந்தால் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாத எழுத்து சாய்த்தால் தெரியும்.

ரவிவர்மா அச்சுப் படங்களுக்குத் தனிச் சோதனை உண்டு. ராஜா ரவிவர்மாவின் அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கி, 1899இல் லோனாவ்லா அருகே மளவ்லிக்கு இடம் மாறியது. படத்தின் கீழ் ஓரத்தில் அச்சகப் பெயரும் ஊரும் இருக்கும். சட்டம் போடும்போது அந்த ஓரத்தை வெட்டியிருந்தால் மதிப்புக் குறையும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியால் முகத்தையும் வானத்தையும் பாருங்கள். கல் அச்சில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோல ஒழுங்கற்ற புள்ளிகள் தெரியும். பின்னாளில் ஆஃப்செட்டில் எடுத்த மறுபதிப்பில் ஒரே ஒழுங்கில் வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரியும். இந்தக் கண்ணாடி சட்டைப்பையில் அடங்கும். அது இல்லாமல் படம் வாங்கப் போகாதீர்கள்.

உலோகத்தை அறிதல்

செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது பித்தளை. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது வெண்கலம். பித்தளை மஞ்சள், வெண்கலம் சற்றுச் சிவப்போ சாம்பலோ கலந்த மங்கல் நிறம். நிறத்தைவிட ஓசை நம்பத்தக்கது. பாத்திரத்தை விரல் நுனியில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டுங்கள். நல்ல வெண்கலம் மணிபோல நெடுநேரம் ஒலிக்கும். ஓசை பட்டென்று அறுந்தால் விரிசல் இருக்கலாம், அல்லது ஓட்டையை அடைத்திருக்கலாம். பீங்கான் ஜாடிக்கும் இதே சோதனை பொருந்தும்.

ஒரு சிறு காந்தம் எப்போதும் கையில் இருக்கட்டும். பித்தளையிலும் வெண்கலத்திலும் செம்பிலும் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அது இரும்பின்மேல் முலாம்.

ரசத்துக்கான ஈயச்செம்பில் மிகுந்த எச்சரிக்கை தேவை. அது வெள்ளீயத்தால் செய்யப்பட வேண்டியது. விலை குறைக்கக் காரீயம் கலந்தால் அது நஞ்சு. வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்தால் காரீயம் பென்சில்போலக் கருஞ்சாம்பல் கோடு இடும்; வெள்ளீயம் அவ்வளவாகக் கோடு இடாது. கோடு விழுந்தால் அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள். கோடு விழவில்லை என்பதால் மட்டும் அது பாதுகாப்பானது என்று முடிவு செய்யவும் வேண்டாம். உலோகப் பரிசோதனை செய்யும் இடத்தில் காட்டிய பிறகே சமையலுக்கு எடுங்கள். பழைய எனாமல் தட்டின் பூச்சு பெயர்ந்திருந்தாலும், பழைய ஜாடியின் மெருகு வெடித்திருந்தாலும் அவை பார்வைக்கு மட்டும்.

எப்படிச் செய்தது என்பதைப் பாத்திரத்தின் உட்புறம் சொல்லும். வார்ப்பு வேலை கனமாக இருக்கும். ஓரம் தடித்து, உள்ளே சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். தட்டு வேலையில் சுத்தியல் விழுந்த தடங்கள் வட்ட வட்டமாக, ஒன்றையொன்று தழுவி நிற்கும். கடைசல் இயந்திரத்தில் அழுத்தி எடுத்ததில் நெருக்கமான வட்டக் கோடுகள் அடியிலிருந்து விளிம்புவரை ஓடும். பழைய தவலை, குடம், அண்டா ஆகியவற்றில் இடுப்புப் பகுதியிலோ பக்கவாட்டிலோ இரண்டு தகடுகளைப் பல் கோத்து, பொடி வைத்துப் பற்றவைத்த மூட்டு தெரியும். அந்தப் பல்வரிசையை மெருகுக்கு அடியிலும் மறைக்க முடியாது. கையால் செய்த பாத்திரத்துக்கு அது ஒரு கையெழுத்து.

குத்துவிளக்கு வாங்கும்போது பாதம், தண்டு, அகல், உச்சிப் பகுதி ஆகியவற்றைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். நாச்சியார்கோயில் போன்ற இடங்களில் விளக்கைப் பகுதி பகுதியாக வார்த்து, மரை போட்டு இணைப்பார்கள். ஒரு விளக்கின் பாதமும் இன்னொரு விளக்கின் தண்டும் சேர்ந்து விற்பனைக்கு வருவது சகஜம். உலோக நிறம், மரையின் அளவு, கடைசல் கோடுகளின் நெருக்கம் ஆகிய மூன்றும் எல்லாப் பகுதியிலும் ஒத்துப்போக வேண்டும்.

தேய்மானம் எங்கே இருக்க வேண்டும்?

போலியைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: இதைப் பயன்படுத்தியவர் கை எங்கே பட்டிருக்கும்? பாக்குவெட்டியில் விரல் மடங்கும் இடம் வழுவழுப்பாகியிருக்கும்; வெட்டும் அலகு தீட்டித் தீட்டிக் குறுகியிருக்கும். அஞ்சறைப் பெட்டியின் மூடி திறக்கும் பக்கம் தேய்ந்திருக்கும். கீல் பக்கம் கூர்மையாகவே இருக்கும். படியின் விளிம்பில் அரிசியைத் தலைதட்டிய தேய்மானம் இருக்கும். தேங்காய்த் துருவியின் பலகையில் உட்கார்ந்த இடம் மழுங்கியிருக்கும். பல்லாங்குழிப் பலகையில் குழிகளின் உள்விளிம்பு மென்மையாகியிருக்கும்.

புதிதாகச் செய்து பழையதாக்கிய பொருளில் தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் பரவியிருக்கும். கீறல்கள் ஒரே திசையில் ஓடும். அமிலத்தில் நனைத்தோ மண்ணில் புதைத்தோ வரவழைத்த பச்சைக் களிம்பு குழியிலும் மேட்டிலும் ஒன்றுபோல இருக்கும்; ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தால் துணியில் வரும். காலத்தால் வந்த நிறம் குழிகளில் அடர்ந்து, கை படும் மேடுகளில் மெலிந்து, உலோகத்தோடு ஒன்றியிருக்கும்.

மரச் சாமானில் திருகாணியைப் பாருங்கள். நட்சத்திர வெட்டுள்ள திருகாணி 1930களில்தான் உலகச் சந்தைக்கு வந்தது. நூறாண்டுப் பெட்டியில் அது இருந்தால், கீலாவது பின்னாளில் மாறியது. இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்து, பின்புறத்தையும் அடிப்புறத்தையும் பாருங்கள். யாரும் பார்க்காத இடத்தில் யாரும் வேஷம் போடுவதில்லை. சிறு துளைகள் இருந்தால் பெட்டியை வெள்ளைத் தாளின்மேல் வைத்துத் தட்டுங்கள். புதுப் பொடி உதிர்ந்தால் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை மற்ற மரச்சாமான்களோடு சேர்த்து வைக்காதீர்கள். பூச்சி மருந்து அடிப்பவரிடம் காட்டிய பிறகே வீட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

பழுது பார்த்த பொருள் என்பதால் ஒதுக்க வேண்டாம். அடி ஓட்டையான அண்டாவுக்கு வீட்டார் அந்தக் காலத்திலேயே ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தியிருந்தால் அதுவும் அதன் வரலாறு. விற்பதற்காக நேற்று மறைத்த பழுதுதான் குறை.

விலையும் பேரமும்

உலோகச் சாமானுக்கு அடிவிலை என்று ஒன்று உண்டு. அன்றைய தேதியில் பழைய பித்தளை, செம்பு, வெண்கலம் கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று பாத்திரக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். சாமானின் எடையோடு பெருக்குங்கள். அதற்குக் கீழே எந்தக் கடைக்காரரும் கொடுக்கமாட்டார், கொடுக்கவும் முடியாது. அதற்கு மேல் நீங்கள் கொடுப்பது வேலைப்பாட்டுக்கும், முழுமைக்கும், எழுத்துக்கும், வரலாற்றுக்கும். பெயரும் ஊரும் ஆண்டும் வெட்டிய செம்புக்கும் வெறும் செம்புக்கும் எடை ஒன்றாக இருக்கலாம். சேகரிப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

கடைக்காரரிடம் முதலில் விலை கேட்காதீர்கள். "அண்ணே, இது எந்த ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தது? கூட வேற என்ன வந்தது?" என்று கேளுங்கள். நல்ல வியாபாரிகள் நடமாடும் அருங்காட்சியகங்கள். எந்த ஊர் ஆசாரியின் வேலை எப்படி இருக்கும் என்று அவர்களுக்குக் கைப்பாடம். மரியாதையோடு கேட்டால் சொல்வார்கள். ஒரே வீட்டுச் சாமான்கள் பிரிந்து போவதற்குள் இரண்டு, மூன்றைச் சேர்த்து வாங்க முடிந்தால் வாங்குங்கள்.

காரைக்குடி தவிர, புதுச்சேரியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெரு, மும்பையின் சோர் பஜார் ஆகியவை நன்கு அறியப்பட்ட இடங்கள். சென்னையில் பழைய பொருள்களுக்குப் பெயர்பெற்ற மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது. ஆனால் எந்த ஊரிலும் உங்களுக்கு முதல் கடை காயலான் கடைதான். அங்கே எடைக்கு வந்து விழும் உழக்கும் கூஜாவும் அடுத்த வாரம் உருக்கு உலைக்குப் போய்விடும். கடைக்காரரிடம் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, எழுத்து வெட்டிய சாமான் வந்தால் கூப்பிடச் சொல்லுங்கள். அப்படி மீட்ட ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் பெயரை அழியாமல் காக்கும்.

சட்டம்

இதைப் படிக்காமல் தாண்டாதீர்கள். தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டு, 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத கலை, கைவினைப் பொருள்களும், கடந்த காலத்தின் கலை, தொழில், சமயம், வழக்கம் ஆகியவற்றைக் காட்டும் பொருள்களும் தொல்பொருள். மதிப்புள்ள சுவடிகளுக்கும் ஆவணங்களுக்கும் 75 ஆண்டு. சிற்பம், ஓவியம், ஓவியமுள்ள சுவடி போன்ற அறிவிக்கப்பட்ட வகைகளை வைத்திருப்பவர் பதிவு அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும். தனியார் எவரும் தொல்பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

ஒவ்வோர் ஆண்டும் இந்த நூறாண்டுக் கோட்டை இன்னும் பல வீட்டுச் சாமான்கள் தாண்டுகின்றன. 1920களின் தொடக்கத்தில் செய்த செல்லமும் அச்சுப் படமும் ஏற்கெனவே தாண்டிவிட்டன. வெளிநாட்டில் வசிக்கும் பிள்ளைகளுக்குப் பழைய சாமான் கொடுத்தனுப்ப விரும்பினால், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே பெறுங்கள். யானைத் தந்தத்தில் செய்ததை எந்த வயதானாலும் வாங்கவோ விற்கவோ வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த வணிகத்தைத் தடுக்கிறது. நிலத்தைத் தோண்டும்போது கிடைத்தது என்று யாராவது கொண்டுவந்தால் விலகுங்கள்; 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அது மாவட்ட ஆட்சியரிடம் போக வேண்டியது.

சட்டத்துக்கு மேல் ஓர் அறமும் உண்டு. கோயில் விளக்கு, கோயில் மணி, உற்சவப் பொருள், சாமி விக்கிரகம் ஆகியவற்றை வாங்காதீர்கள். கோயில் பெயரோ உபயதாரர் பெயரோ வெட்டியிருந்தால் அது ஊருக்கு உரியது. தமிழகக் காவல்துறையில் சிலைத் திருட்டுக்கென்று 1983இல் தனிப் பிரிவு தொடங்க வேண்டிவந்தது என்றால், நம் கோயில்கள் இழந்ததை நினைத்துப் பாருங்கள். திருட்டுப் பொருளை வாங்குகிறவர் இல்லாவிட்டால் திருட்டுக்கு வேலையில்லை.

கழுவுவதும் காப்பதும்

வாங்கி வந்த அன்றே புளியும் சாம்பலும் எடுத்துத் தேய்க்க உட்காராதீர்கள். புளியில் உள்ள அமிலமும் சாம்பலின் உராய்வும் மேற்புற நிறத்தை எடுத்துவிடும். பலமுறை தேய்த்தால் வெட்டிய எழுத்தே மழுங்கும். அன்றாடம் ஏற்றும் விளக்கைத் தேய்ப்பது வேறு, எழுத்துள்ள பழஞ்சாமானைத் தேய்ப்பது வேறு. மென்மையான சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் மெல்லிய துணியால் துடைத்து, உடனே ஈரம் போக உலர்த்துங்கள். அது போதும். வெண்கலத்தில் வெளிர்பச்சைப் பொடி துளித்துளியாகப் பூத்து உதிர்ந்தால் அது உப்பால் வரும் அரிப்பு. ஈரமில்லாத இடத்தில் தனியே வையுங்கள்; அருங்காட்சியகப் பராமரிப்பில் பழக்கமுள்ளவரிடம் காட்டுங்கள்.

பழைய பித்தளையில் சமைக்க விரும்பினால் முதலில் ஈயம் பூச வேண்டும். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை உருக்கித் துணியால் தேய்ப்பது முறை. பூச்சு இல்லாத பித்தளையில் புளிக்குழம்போ மோரோ வைத்தால் களிம்பு ஏறும். அது உடம்புக்குக் கேடு. பூசுகிறவர் எந்த ஈயத்தைப் பயன்படுத்துகிறார் என்று நின்று கேளுங்கள்.

அச்சுப் படத்தை லேமினேட் செய்யாதீர்கள். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. வெயில் நேராக விழும் சுவரில் மாட்டாதீர்கள். சட்டத்தில் கண்ணாடியும் படமும் ஒட்டாதபடி இடைவெளி விடச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் பின்புறத்தைத் திறந்து பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள்.

குறிப்பேடு

நல்ல சேகரிப்புக்கும் பழைய சாமான் குவியலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். அந்த எண்ணைப் பொருளின்மேல் எழுதாமல் நூலில் கட்டிய அட்டையில் எழுதுங்கள். பெயர், ஊர்வழக்கில் உள்ள வேறு பெயர், உலோகம், உயரம், அகலம், எடை, எழுத்து அப்படியே, வாங்கிய இடம், தேதி, விலை, கடைக்காரர் சொன்னது, நீங்கள் கண்டது. கடைசி இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். கேட்டதையும் பார்த்ததையும் கலந்தால் பத்தாண்டு கழித்து எது எது என்று தெரியாது. ரசீது வாங்கி அதையும் ஒட்டுங்கள். முன், பின், அடி, எழுத்து என நான்கு படம் எடுங்கள்.

இந்த நோட்டில் முதல் பக்கத்தை உங்கள் வீட்டுப் பரணிலிருந்தே தொடங்குங்கள். ஒரு மூட்டையை இறக்கி, வீட்டில் மூத்தவர் முன்னால் பிரியுங்கள். "ஆச்சி, இந்தக் கூஜா யாரு வீட்டுச் சீர்? இதுல எதைக் கொண்டுபோவீங்க?" என்று கேளுங்கள். கடையில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைக்காத விடை அவரிடம் இருக்கிறது. உலோகமும் வயதும் வேலைப்பாடும் பொருளிலேயே இருக்கும். அவற்றை அடுத்த ஆண்டும் படித்துக்கொள்ளலாம். யார் வீட்டில் இருந்தது, எதற்குப் பயன்பட்டது என்ற இரண்டும் மனிதர்களின் நினைவில் இருக்கின்றன. அவர்களோடு போய்விட்டால் மீட்க முடியாது. அடுத்த பொருளை வாங்கக் காரைக்குடிக்குப் போவதைத் தள்ளிப்போடலாம். மூத்தவரிடம் கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே கேட்டு எழுதிவிடுங்கள்.